சறுக்கினாலும் பிழை உங்களுடையதுதான்: ஓவன் சவுண்டில் எழுபது தாண்டியவர்களுக்கான கார்க் காப்புறுதி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விபத்து ஒன்றில் பிழை யாருடையது என்று காப்புறுதி நிறுவனம் முடிவெடுப்பது ஒழுங்குவிதி 668இன்படி. வானிலை, வீதியின் நிலை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது என்பவற்றைப் பார்க்காமலே பிழையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த விதி வெளிப்படையாகவே சொல்கிறது. முன்னால் நின்ற காரின் பின்பக்கம் முட்டினால் 100 வீதம் உங்கள் பிழை. ஸ்ரொப் குறியில் நிற்க முடியாமல் சறுக்கிப் போய்க் குறுக்கே வந்தவரை இடித்தால் அதுவும் 100 வீதம். "ஐஸ் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, பிரேக் பிடிக்கவேயில்லை" என்பது முழு உண்மையாக இருந்தாலும் உங்கள் கணக்கில் ஒரு வீதமும் குறையாது.

சமதரை ஊரில் இது அவ்வளவு உறைக்காது. ஓவன் சவுண்ட் அப்படியான ஊரல்ல. ஜோர்ஜியன் குடாவின் தென்முனையில், நயாகரா மலைவிளிம்பு இரு புறமும் எழுந்து நிற்க, நகரத்தின் மையம் ஆற்றோரப் பள்ளத்தில் கிடக்கிறது. கிழக்கே போனாலும் ஏற்றம், மேற்கே போனாலும் ஏற்றம். மருத்துவமனை கிழக்கு மேட்டின் மேல் இருக்கிறது. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் குளிர்காற்று ஹியூரன் ஏரியையும் குடாவையும் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டிவிடுகிறது. வெயில் எறித்துக்கொண்டிருக்கையில் பத்து நிமிடத்தில் எதிரே ஒன்றும் தெரியாமல் போவது இங்கே வழமை. வைத்தியரிடம் போகவேண்டிய வயதுக்காரருக்கு இந்த ஊரில் ஏற்ற இறக்கமில்லாத வழி கிடையாது. ஆகவே இங்கே பொலிசியை வாசிக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, "நான் தனியே சறுக்கிப்போய் இடித்தால் யார் காசு தருவார்கள்?" என்பதே. பிரீமியத்தை எப்படிக் குறைக்கலாம் என்பது அதற்குப் பிறகு.

அந்தக் கேள்விக்குப் பதில், பொலிசியில் 'கொலிஷன்' என்று இருக்கும் பகுதி மட்டும்தான். சட்டப்படி கட்டாயமான பகுதிகள் வேறு: மற்றவர்களுக்கு நேரும் இழப்புக்கான பொறுப்புக் காப்பு, உடற்காயத்துக்கான விபத்து நன்மைகள், காப்புறுதியற்ற வாகனம் இடித்தால் கிடைக்கும் காப்பு ஆகியன. இவற்றோடு டிசிபிடி என்ற நேரடி இழப்பீட்டுப் பகுதி ஒன்றும் வரும். உங்கள் மேல் பிழையில்லாத அளவுக்கு உங்கள் காரைத் திருத்த உங்கள் நிறுவனமே பணம் தருவது இதன்படிதான். ஆனால் அதற்கு ஒன்ராறியோக் காப்புறுதி உள்ள இன்னொரு வாகனம் விபத்தில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். இறக்கத்தில் சறுக்கி மின்கம்பத்தையோ, பனிக்குவியலுக்குள் மறைந்திருந்த கற்சுவரையோ இடித்தால் அங்கே இன்னொரு வாகனமில்லை. கொலிஷனை எடுத்துவிட்டவருக்கு அந்த விபத்தில் ஒரு சதமும் வராது.

கார் பழையதாகிவிட்டது, கொலிஷனை வெட்டிவிடுவோம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்வதில் நியாயம் இருக்கலாம். கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நிறுவனம் தருவது இன்றைய சந்தை மதிப்பை. வாங்கிய விலையை அல்ல. 6,000 டொலர் பெறுமதியான காருக்கு 1,000 டொலர் டிடக்ரபிள் இருந்தால், அதாவது முதல் 1,000 உங்கள் கையிலிருந்து போகுமென்றால், ஆகக்கூடியது 5,000தான் கிடைக்கும். கொலிஷனுக்கு மட்டும் வருடம் எவ்வளவு போகிறது என்று புரோக்கரிடம் தனியாகக் கேளுங்கள். அது 300 என்றால் வைத்திருக்கலாம். 1,000 என்றால் ஐந்து வருடத்தில் காரின் காசையே கட்டி முடித்திருப்பீர்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கார் நாளைக்கே இல்லாமல் போனால் இன்னொன்று வாங்கக் கையில் காசு இருக்கிறதா? இல்லையென்றால், மலைச்சரிவுள்ள இந்த ஊரில் கொலிஷனை விடச் சொல்லி நாம் சொல்லமாட்டோம். டிடக்ரபிளைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைப்பது அதைவிட நல்ல வழி.

2024 ஜனவரி 1 முதல் டிசிபிடியையும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். இதை எவருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. உங்கள் கார் ஒழுங்காக நிற்கும்போது மேட்டிலிருந்து இன்னொருவர் சறுக்கி வந்து நசுக்கினாலும், டிசிபிடி இல்லாதவருக்குத் திருத்தச் செலவு கிடையாது. இடித்தவரிடம் கேட்டு வழக்குப் போடவும் முடியாது.

'கொம்பிரிஹென்சிவ்' பகுதி வேறு விதமானது. களவு, தீ, பறந்து வந்து விழுபவை, பனிப்பாரம் தாங்காமல் கார்க்கொட்டகை இடிந்து காரின் மேல் விழுவது எல்லாம் இதில் அடங்கும். கிறே, புறூஸ் மாவட்ட வீதிகளில் மான் குறுக்கே பாய்வது சாதாரணம். மானை இடித்தால் அது பொதுவாகக் கொம்பிரிஹென்சிவில் போகும், பிழையாகப் பதியப்படாது. மானுக்கு வெட்டித் திருப்பிப் பள்ளத்தில் விழுந்தால் அது கொலிஷன், பிழையும் உங்களுடையது. பனி வீதியில் மானைக் கண்டால் நேராகவே பிரேக்கை அழுத்துங்கள், ஸ்ரியரிங்கை ஒடிக்காதீர்கள். உயிருக்கும் அதுவே பாதுகாப்பு.

இரண்டு கரையிலும் பனி குவிந்து ஒடுங்கிப்போன ஏற்றங்களில் எதிரெதிரே வரும் கார்கள் உரசிக்கொள்வது அடிக்கடி நடக்கும். யார் நடுக்கோட்டைத் தாண்டியது என்று தெரியாவிட்டால் விதி ஆளுக்கு 50 வீதம் போட்டுவிடும். 25 வீதத்துக்கு மேலே போனாலே அது உங்கள் பெயரில் பிழை விபத்தாக எண்ணப்படும். முன்கண்ணாடிக் கமரா ஒன்று இருந்தால் அந்தப் 50 பூச்சியமாகலாம். வாங்கும்போது லித்தியம் பற்றரி உள்ளதைத் தவிர்த்து, கெப்பாசிற்றர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடுங்குளிரில் பற்றரி கமரா சோர்ந்துவிடும்.

காருக்கு இவ்வளவு போதும். எழுபது தாண்டியவருக்குப் பெரிய விஷயம் உடல்.

உடலுக்கு என்ன கிடைக்கும்

வயதானவர் சிறிய வேகத்தில் இடிபட்டாலும் விலா எலும்போ இடுப்போ முறிகிறது. தேற மாதங்கள் எடுக்கும். ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனைச் செலவைப் பார்க்கும். வீட்டுக்கு வந்தபின் தேவைப்படும் பிசியோதெரபி, பராமரிப்பாளர் போன்றவற்றுக்குக் கார்க் காப்புறுதியின் விபத்து நன்மைகளே கைகொடுக்கும். யார் பிழை என்று பார்க்காமல் கொடுக்கப்படும் பணம் இது. உச்சவரம்பு மூன்று நிலையில் இருக்கிறது. சுளுக்கு, தசைநார் இழுபடுதல், கழுத்துப் பிடிப்பு போன்ற சிறு காயத்துக்கு 3,500 டொலர். அதற்கு மேற்பட்ட காயத்துக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் சேர்த்து 65,000. 'கற்றஸ்ட்ரொபிக்' என்று வகைப்படுத்தும் பேரிழப்புக்கு 10 இலட்சம்.

கிளெய்ம்களில் பெரும் இழுபறி 3,500க்கும் 65,000க்கும் நடுவிலேதான் நடக்கிறது. எலும்பு முறியாத முதியவரை நிறுவனம் முதலில் சிறு காயப் பிரிவில் போடும். அதிலிருந்து வெளியே வர விதியிலேயே ஒரு வழி உண்டு. விபத்துக்கு முன்பே இருந்த நோய், அந்த 3,500க்குள் முழுதாகத் தேற விடாது என்பதை மருத்துவச் சான்றோடு காட்ட வேண்டும். அந்த நோய் விபத்துக்கு முன்னரே ஒரு மருத்துவரால் பதியப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். நம் பெரியவர்களில் பலர் முழங்கால் வாதத்தையும் முதுகு நோவையும் "வயசு போனா வாற வருத்தம்தானே" என்று வைத்தியரிடம் சொல்லாமலே எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கோப்பில் ஏறாத நோவு விபத்துக்குப் பிறகு நோவாகவே கணக்கில் வராது. அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது மூட்டுவாதம், எலும்புத் தேய்வு, நீரிழிவால் வரும் கால் விறைப்பு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வைத்தியத்துக்கும் அது நல்லது, காப்புறுதிக்கும் நல்லது.

65,000 என்பதைப் பொலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ 1,30,000 ஆகக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் மேலே போகவும் வழியுண்டு. இடித்த பின் கூட்ட முடியாது. எங்கே காசு கூடப் போட வேண்டும் என்று கேட்டால், முதியவருக்கு இதைத்தான் முதலில் காட்டுவோம்.

2026 ஜூலை 1 முதல் சிகிச்சை, மறுவாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டும் கட்டாயம். வருமான இழப்பு, வேலையில் இல்லாதவருக்கான நன்மை, இறப்பு, ஈமச்சடங்கு, வீட்டுவேலை முதலியன விருப்பத்தேர்வாகின்றன. ஓய்வு பெற்றவருக்கு வருமான இழப்பு பெரும்பாலும் தேவைப்படாது. வேலைக்குப் போகும் மகனோ மருமகளோ அதே பொலிசியில் இருந்தால் கதை வேறு, அவர்களுக்காக வைத்திருங்கள். முதியவர் தவறவிடக் கூடாதது வீட்டுவேலை நன்மை. விபத்துக்கு முன் தாமே செய்துவந்த வீட்டுவேலையையும் வளவுப் பராமரிப்பையும் இனிச் செய்ய முடியாதபோது ஆள் பிடித்துச் செய்விக்கக் கிடைக்கும் பணம் அது, வாரம் 100 டொலர் வரை. சாய்வான டிரைவ்வேயில் இரண்டு நாளைக்கொருதரம் ஸ்நோ அள்ள வேண்டிய வீட்டில், கை முறிந்தவருக்கு அதன் அருமை தெரியும். தனியே வாங்காவிட்டால் கற்றஸ்ட்ரொபிக் காயத்துக்கு மட்டுமே கொடுத்துவந்தார்கள், இனி அதுவும் தேர்ந்தெடுத்தால்தான். வேலையில் இல்லாதவருக்கான நன்மை வாரம் 185 டொலர், முதல் நான்கு வாரம் நீங்கலாக இரண்டு வருடம் வரை. வழமையான வாழ்க்கையை அறவே கொண்டுநடத்த முடியாத நிலைக்கு மட்டும்.

பொறுப்புக் காப்பின் சட்டபூர்வக் குறைந்த அளவு 2 இலட்சம் டொலர். வேலையை விட்டவர்களிடம் பெரும்பாலும் கடன் தீர்ந்த வீடு ஒன்று இருக்கும். நடைபாதையில் நின்ற ஒருவரைச் சறுக்கிப்போய் இடித்துவிட்டு 2 இலட்சத்தோடு நின்றால் மீதிக்கு அந்த வீடுதான் பதில் சொல்ல வேண்டிவரும். 20 இலட்சத்துக்குக் கூட்டுவதற்கான மேலதிகச் செலவு பொதுவாகச் சிறியது. கூட்டும்போது ஓபிசிஎஃப் 44ஆர் என்ற குடும்பப் பாதுகாப்பு இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை இடித்தவரிடம் போதிய காப்பு இல்லாவிட்டால், உங்கள் பொறுப்புக் காப்பின் அளவு வரைக்கும் குறையை அது நிரப்பும்.

விபத்து மன்னிப்பு என்ற ஓபிசிஎஃப் 39ஐயும் இந்த ஊரில் வாங்கத்தான் வேண்டும், முதற் பிழை பெரும்பாலும் ஐஸில்தான் வரும் என்பதால். ஆனால் அது வாங்கிய நிறுவனத்தோடு மட்டும் நிற்கும். மன்னிக்கப்பட்ட விபத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அங்கே அது பிழை விபத்தாகவே நிற்கும். மலிவு விலை கேட்டு மாறுமுன் யோசியுங்கள். சின்ன உரசலுக்கு இன்னொரு வழியும் உண்டு. காயம் இல்லை, ஒவ்வொரு காரின் சேதமும் 2,000 டொலருக்குக் கீழே, காப்புறுதி எதுவும் கொடுக்கவில்லை, பிழைவிட்டவரே செலவைக் கட்டிவிட்டார் என்றால் அதை வைத்துப் பிரீமியத்தைக் கூட்டக் கூடாது. மூன்று வருடத்தில் ஒருதடவைக்குத்தான் இந்தச் சலுகை.

ரயர்

2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோ நிறுவனங்கள் எல்லாம் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். கழிவு சில வீதம்தான். நாலு சில்லிலும் ஒரே மாதிரியானவை, பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிச்செதில் பொறித்தவை என்று கேட்பார்கள். வாங்கிய பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கழிவுக்காக அல்ல, ஸ்ரொப் குறியில் நிற்பதற்காகவே இவை வேண்டும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஆகவே முதல் ஸ்நோவுக்காகக் காத்திராமல் மாற்றுங்கள். தவாளிப்பின் ஆழம் 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால், சட்டம் இன்னும் அனுமதித்தாலும், அந்த ரயர் ஸ்நோவுக்கு உதவாது. குளிர் ஒவ்வொரு 5, 6 பாகை இறங்கும்போதும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும், கராஜுக்குள் பார்த்த அளவு வெளியே சரிவராது. ஆணி பதித்த ரயர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது வட ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஓவன் சவுண்ட் அந்த எல்லைக்குள் இல்லை.

நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் கார் ஏற்றத்தில் ஏற உதவும், இறக்கத்தில் நிற்க உதவாது. மேலேறியவர் கீழே இறங்கும்போதுதான் இடிக்கிறார். நிறுத்தும்போதும் கவனம் வேண்டும்: இறக்கம் பார்த்து நிறுத்தினால் முன்சில்லை நடைபாதை விளிம்புப் பக்கம் திருப்புங்கள், ஏற்றம் பார்த்து, விளிம்பும் இருந்தால் எதிர்ப்பக்கம், விளிம்பே இல்லையென்றால் வலப்பக்கம். ஆளில்லாமல் உருண்டு போய் இடித்த காரின் பிழையும் உங்களுடையதே. பழைய கார்களில் பகல் விளக்கு முன்னுக்கு மட்டும் எரியும், பின்விளக்கு எரியாது. 150 மீற்றருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாத வேளையில் முழு விளக்கும் எரிய வேண்டுமென்பது சட்டம். விளக்குச் சுவிச்சைத் தானியங்கியில் விட்டுவிடாமல் நீங்களே திருப்புங்கள். 6, 10, 21, 26ஆம் நெடுஞ்சாலைகளைப் பொலிஸ் மூடினால் போகாதீர்கள். மூடிய வீதியில் ஓட்டுவது குற்றம். குற்றப்பதிவு அடுத்த புதுப்பித்தலில் நிறுவனத்தின் கண்ணில் படும்.

எதைச் சொல்லாமல் விடக் கூடாது

வேலையை விட்டதும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வேலைக்கு ஓடும் கார் என்ற வகையிலிருந்து சொந்தப் பாவனைக்கு மாறும், வருட ஓட்டத் தூரமும் குறையும், ஓய்வு பெற்றவருக்கான கழிவும் உண்டு. கேட்காமல் இவை தாமாக வருவதில்லை. பல நிறுவனங்களில் எழுபதுகளில் வயதுக்காகப் பிரீமியம் ஏறத் தொடங்கும், ஏறும் வேகம் ஆளுக்காள் வேறு. ஆகவே ஒரே இடத்தில் இருபது வருடம் இருந்தவர்களும் இந்த வயதில் மூன்று இடத்தில் விலை கேட்பது நல்லது. விதிகளுக்குள் வருபவரை வயதைச் சொல்லித் தட்டிக்கழிக்க நிறுவனத்துக்கு அனுமதியில்லை.

பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய் தகப்பனிடம் அனுமதிப்பத்திரம் இருந்தால் அவர்களைப் பொலிசியில் சொல்லியே ஆக வேண்டும், கிழமைக்கொருதரம் கோவிலுக்கு மட்டும் ஓட்டினாலும். சொல்லாமல் விட்டு அவர்கள் கையில் விபத்து நடந்தால் கார்ச்சேதத்துக்கான கிளெய்மையே மறுக்க இடமுண்டு. குளிருக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ போய் மூன்று நான்கு மாதம் இருப்பவர்கள் பொலிசியை முழுதாக வெட்டக் கூடாது; தொடர்ச்சி அறுந்தால் திரும்பி வரும்போது விலை ஏறும். கார் சொந்த வளவுக்குள் நிற்கப் போகிறதென்றால் ஓபிசிஎஃப் 16 மூலம் ஓட்டுவதற்கான காப்பை இடைநிறுத்தலாம். வந்ததும் 17ஆல் மீளத் தொடங்கலாம். இடையில் வீதியில் இறக்கினால் காப்புறுதியில்லா வாகனம் ஓட்டிய குற்றம். முதற்தடவைக்கே 5,000 டொலரிலிருந்து 25,000 வரை தண்டம்.

80 வயதில் அனுமதிப்பத்திரத்தை இரண்டு வருடத்துக்கொருதரம் புதுப்பிக்க வேண்டும். கண்பார்வைச் சோதனை, ஓட்டுநர் பதிவைப் பார்த்தல், குழு வகுப்பு, வகுப்பிலேயே ஒரு சிறு பயிற்சி. மணிக்கூடு ஒன்று வரைவதும் எழுத்துக் கூட்டத்தில் சொன்ன எழுத்துகளை வெட்டுவதும் அந்தப் பயிற்சி. தேவையென்று கண்டால் வீதிப் பரீட்சை வைப்பார்கள். திகதி தவறி அனுமதி காலாவதியானபின் ஓட்டினால் அது சட்டப்படி ஓட்ட உரிமையற்றவர் ஓட்டியதாகும். கொலிஷன் பணம் மறுக்கப்படலாம். கடும் பனிமாதத்தில் பிறந்தநாள் வருகிறவர் வகுப்புக்கான நேரத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், பனிப்புயலால் ஒரு நாள் தட்டுப்பட்டாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

இடித்த பிறகு: காயம் இருந்தாலோ, மொத்தச் சேதம் 5,000 டொலருக்கு மேல் என்று தெரிந்தாலோ பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். 2025 ஜனவரிக்கு முன் அந்த அளவு 2,000 ஆக இருந்தது. காப்புறுதி நிறுவனத்துக்கு ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். விபத்து நன்மைகளுக்கான ஓசிஎஃப் 1 படிவம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வீதியைச் சரியாகப் பராமரிக்காததே காரணம் என்று நகரசபை மேல் கோர நினைத்தால் எழுத்தில் அறிவிக்க 10 நாள்தான். இழுவை வண்டிக்காரர் நீட்டும் சம்மதப் படிவத்தில் கார் எங்கே போகிறது, எவ்வளவு கட்டணம் என்பவற்றை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது.

நம் வீடுகளில் பொலிசி பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். மனைவியிடம் அனுமதி இருக்கும், ஆனால் காசு மிச்சமென்று ஓட்டுநராகப் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். சிலர் ஓபிசிஎஃப் 28ஏ எழுதி அவரை விலக்கியும் வைத்திருப்பார்கள். கணவர் எண்பதில் ஓட்டுவதை விட்டதும், அல்லது வைத்தியரின் அறிக்கையால் அவர் அனுமதி இடைநிறுத்தப்பட்டதும், எழுபத்தைந்து வயது மனைவி காப்புறுதி வரலாறு எதுவுமே இல்லாத புதியவராக விலை கேட்கப் போக வேண்டியிருக்கும். அந்த விலையைக் கேட்டுவிட்டுக் காரையே விற்றுவிடுகிறார்கள், மருத்துவமனை மேட்டின் மேலே இருக்கும் ஊரில். இருவரும் ஓட்டக்கூடிய உடல்நிலையில் இருக்கும்போதே, அறுபதுகளிலேயே, மனைவியின் பெயரையும் ஓட்டுநராகப் பொலிசியில் போட்டு வையுங்கள். அடுத்த புதுப்பித்தல் கடிதம் வந்ததும் ஓட்டுநர் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்து, அன்றைக்கே புரோக்கருக்கு அழையுங்கள்.